இடையின ர

மேலூருக்குக் கிழக்கே கைவிட்ட கல்குவாரி.
இரவு பதினொன்றரை.
டார்ச்சை என் முகத்தில் அடித்து
ஏட்டு வெள்ளைக்கண்ணு கேட்டார்:
"அறுபதடி தம்பி. பயமில்லையே?"
இருக்கிறது என்றால் மட்டும்
காலையில் வா என்று விட்டுவிடுவாரா.
பல்சரைத் திருடி உள்ளே தள்ளிய பையன்
ஜீப்பில் அழுதுகொண்டிருந்தான்.
விடிந்தால் ஊர் கூடிவிடும்,
ஊர் கூடினால் சாதி கூடிவிடும்,
ஆகவே இரவே.

தூத்துக்குடியில் நிரப்பிய காற்று,
மூன்று வாரப் பழசு.
ரப்பர் வாசத்தோடு அதை இழுத்தபடி இறங்கினேன்.
இருபதடி வரை
பகலெல்லாம் கல் குடித்த வெயில்.
அதற்குக் கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே மதுரை அறியாத குளிர்.
சுவரெங்கும் ட்ரில்லர் இறங்கிய தடம்,
ரூல் போட்ட நோட்டை நிமிர்த்தி வைத்ததுபோல்.

நீல் தீவில் ஐந்து வருடம் சிலிண்டர் தூக்கினேன்.
சுற்றுலா வந்தவர்களை
இரவுக் கடலுக்குள் கைப்பிடித்து இறக்கும் வேலை.
"விளக்கை எதன்மீதும் நிறுத்தாதே"
என்பான் ராஞ்சிக்காரன் டோப்போ.
புரிய ஒரு வாரம் ஆனது.
பவள இடுக்கில் ஒரு நீலப் பொடிமீன்
தூங்கிக்கொண்டிருந்தது.
அழகாயிருக்கிறதே என்று
நான்கு விநாடி காட்டினேன்.
என் தோளை உரசிக்கொண்டு
பின்னாலிருந்து வந்தது பாரை,
எவர்சில்வர் குடத்தை நசுக்கித் தட்டையாக்கியதுபோல்,
என் இடுப்புயரம்.
பாக்கு வெட்டிய மாதிரி ஒரு சத்தம்.
பிறகு வெளிச்சத்தில்
இரண்டு செதில்கள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன.
அன்று கரையேறும்வரை அது
என் பின்னாலேயே வந்தது,
அடுத்து எதைக் காட்டுவேன் என்று.

பள்ளியில் இரண்டு ர-வையும் மாற்றி எழுதி
முட்டி போட்டவன் நான்.
பெரிய பாரை பார்த்தேன் என்று
தங்கச்சிக்கு வாட்ஸப் போட்டேன்.
நம்ம ஊரில் இல்லாத பாறையா என்றாள்.

ஐம்பதடியில் பல்சர் கிடந்தது,
முன்சக்கரம் மேலே பார்க்க.
சேறு துடைத்தேன்: ஐம்பத்தொன்பதில் தொடங்கும் எண்.
கொக்கியை மாட்டி
கயிற்றை மூன்று முறை இழுக்கக் கை போனபோது
வெளிச்சத்தின் ஓரத்தில்
ஏதோ அணைந்து எரிந்தது.

கட்லா.

பம்ப்செட் நின்று மழை நிரம்பிய வருடம்
யாரோ குஞ்சு விட்டிருக்க வேண்டும்.
பிறகு கேஸ், சீல், முள்வேலி.
வலை வராத பன்னிரண்டு வருடமும்
தலையிலேயே வளர்ந்திருந்தது.
செதில் ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க் காசு.
கீழ்த்தாடையை முன்னே தள்ளி,
வட்டி பாக்கி வைத்தவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது.

டார்ச்சை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டேன்.

என் குமிழிகளின் சத்தம்.
குமிழிகளுக்கு நடுவே
என் கைக்கடிகாரத்தின் பச்சை முள்.
அப்புறம் தண்ணீர் நகர்ந்தது,
பக்கத்தில் படுத்திருப்பவர்
புரண்டு படுத்ததுபோல் கனமாக,
இடது விலாவைத் தொட்டும் தொடாமலும்.
பழைய தோளுரசல் ஞாபகம் வந்து
உடம்பு குறுகியது.
இது கடந்து போய்விட்டது,
என்னிடம் எதையும் காட்டச் சொல்லாமல்.

மேலே வந்தேன்.
எனக்குப் பின்னால் வண்டி வந்தது,
எல்லாத் துளையிலும் ஒழுகிக்கொண்டு.
ஏட்டு துண்டு கொடுத்தார்.
பிளாஸ்க்கில் ஆறிப்போன டீ கொடுத்தார்.
"உள்ள வேற என்ன கிடக்கு?
ஆளுயர மீன் இருக்குனு
ஆடு மேய்க்கிறவன் சொல்றான்.
இருந்தா சொல்லு,
மச்சான்கிட்ட தோட்டா இருக்கு."

பையன்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
எல்லா டார்ச்சும் என் முகத்தில்.
நான்கு விநாடிக்கு மேலேயே நின்றன.

"பாரைதான் சார்" என்றேன்.
அவர் காதில் அது
கல்லாக விழுந்தது.